கேட்கிற பிள்ளை

பாக்கார் ஆராங்,
சுங்கை பட்டாணி.
2.3.2025

கவி அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம் என்று எழுதத்தான் ஆசை. ஒரு குறை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் ஒன்று சொல்வீர்கள், நான் கத்துவேன், நீங்கள் வைத்துவிடுவீர்கள். நீங்கள் ஜோகூருக்குப் போன இந்த நான்கு மாதமும் அதுதானே நடக்கிறது. கடிதத்தைக் கோபத்தில் மூடி வைத்தாலும் மறுநாள் எடுத்துப் படிக்கலாம்.

கவிநயாவுக்குக் காது கேட்கவில்லை.

முதலில் கண்டுபிடித்தது, நான் வேலைக்குப் போனால் அவளைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டுப் பிரேமாவதி அக்காதான். ஒருநாள் அடுப்படியில் எவர்சில்வர் தட்டுகள் மொத்தமாகச் சரிந்து விழுந்திருக்கின்றன. கூடத்தில் படுத்திருந்த பூனை எகிறிக் குதித்து ஓடியதாம். கவி பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டே இருந்தாளாம். "வாசுகி, இது பேச லேட்டாவுற பிள்ளை இல்ல. கிளினிக்குக் கொண்டுபோய்க் காட்டு" என்றார். கிளினிக்கில் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்கள். போன வியாழக்கிழமை மருந்து கொடுத்துத் தூங்க வைத்து, தலையில் ஒயர்களை ஒட்டிச் சோதித்தார்கள். இரண்டு காதும்தான். இடி இடித்தால் கேட்கலாம், மனிதர் பேச்சு கேட்காது என்று சோதித்த பெண் சொன்னாள். சொல்லிவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று டாக்டர் கேட்டார். உங்கள் அண்ணன் இருளப்பனைச் சொன்னேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், டாக்டரிடம் மறைக்க முடியாது.

இனி ஆகவேண்டியது இது. சமூகநல இலாகாவில் அவளைப் பதிந்து உடற்குறை உள்ளவர்களுக்குக் கொடுக்கிற ஓ.கே.யு. அட்டை எடுக்கவேண்டும். அட்டை இருந்தால் இரண்டு காதுக்கும் மெஷின் கிடைக்க இலாகாவே உதவும். குறையுள்ள பிள்ளைகளுக்கான பி.டி.கே. மையத்தில் பேச்சுப் பயிற்சியும் கிடைக்கும். தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதமும் பிள்ளையின் பேச்சுக்குத்தான் நஷ்டம் என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். வருகிற ஒன்பதாம் தேதி அவளுக்கு மூன்று வயது முடிகிறது.

அவளுடைய பிறப்புப் பத்திரம் நீங்கள் கொண்டுபோன பச்சை ஃபைலில் இருக்கிறது. பதிவு இலாகாவில் வேறு நகல் வாங்க எனக்கு வழி தெரியாமல் இல்லை. அது அப்பா கையால் வரவேண்டும் என்று நினைக்கிறேன். உடனே அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
கவியின் அம்மா
வாசுகி


பாசிர் கூடாங்,
ஜோகூர்.
12.3.2025

வாசுகிக்கு,

கடிதம் கிடைத்தது. பிறந்தநாளன்று மூன்று முறை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. சரி, உன் விருப்பம்.

டாக்டர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். என் பிள்ளைக்குக் காது கேட்கும். நான் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளைக் கேட்டில் நிறுத்துவதற்குள் வாசலுக்கு ஓடி வருவாளே, கேட்காத பிள்ளையா அப்படி வரும்? "கவி, அப்பாவோட செருப்ப எடுத்துட்டு வா" என்றால் எடுத்துவரவில்லையா? மருந்து கொடுத்துத் தூங்க வைத்துவிட்டுக் கேட்கிறதா என்று சோதித்தார்களாம். என்னைத் தூங்க வைத்துக் கேட்டாலும் எனக்கும் கேட்காது.

கவியின் கிளினிக் புத்தகத்தை எடுத்துப் பார். பதினெட்டு மாதப் பக்கத்தில், காது கேட்கிறது என்ற இடத்தில் மிஸியே டிக் போட்டிருக்கிறாள். நர்ஸ் போட்ட டிக் பொய், பிரேமாவதி அக்கா வீட்டுப் பூனை சொல்வது உண்மையா?

அண்ணன் பெயரை ஏன் அங்கே இழுத்தாய்? அவன் கதை வேறு. குருண் தோட்டத்தில் அவனை எல்லாரும் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று நீ கேட்டதில்லை, நான் கேட்டு வளர்ந்தவன். ஓ.கே.யு. என்று ஒருமுறை பதிந்துவிட்டால் பதிந்ததுதான். நாளைக்குப் பள்ளிக்கூடத்திலும் அதுதான், கல்யாணம் பேச வருகிறவனிடமும் அதுதான். என் மகளுக்கு அந்த முத்திரையை நானே குத்தமாட்டேன்.

பத்திரம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஆறு மாதம் பொறுத்துப் பார்ப்போம். உன் தங்கச்சியும்தான் லேட்டாகப் பேசினாள், இன்றைக்கு யாராவது அவள் வாயை மூட முடிகிறதா?

பிள்ளைக்கு என் முத்தம்.

குணாளன்


பாக்கார் ஆராங்.
21.3.2025

கவி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். அன்றைக்கே எழுதியிருந்தால் தாள் கிழிந்திருக்கும்.

மோட்டார் கதைக்கு வருகிறேன். பிரேமாவதி அக்கா மகனைக் கூப்பிட்டு, மோட்டாரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு ஹார்னை மட்டும் அடிக்கச் சொன்னேன். கவி அசையவில்லை. பிறகு ஹார்ன் இல்லாமல் கேட் வரைக்கும் ஓட்டிவரச் சொன்னேன். விழுந்தடித்து ஓடினாள். நம் வீட்டு முன்கூடத்துப் பலகைத் தரை அதிர்கிறது, அவள் காலில் தெரிகிறது. அப்பாதான் வந்துவிட்டார் என்று ஓடினாள். வேறு ஒருவர் இறங்குவதைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கை நான் எழுதப் போவதில்லை.

செருப்பையும் சோதித்துவிட்டேன். முகத்துக்கு நேராக நின்று சொன்னால் எடுத்துவருகிறாள். முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னால் இல்லை. நம் வாயையும் கையையும் பார்த்தே இத்தனை நாள் சமாளித்திருக்கிறாள். கெட்டிக்காரப் பிள்ளை. அந்தக் கெட்டிக்காரத்தனத்தில்தான் நாம் இருவரும் ஏமாந்தோம்.

இப்போது உங்கள் டிக். புத்தகத்தைக் கொண்டுபோய் கிளினிக்கில் மூத்த மிஸியிடம் காட்டிக் கேட்டேன். அந்த வயதில் மெஷின் வைத்துப் பார்ப்பதில்லையாம், பெற்றவர்களைக் கேட்டுத்தான் குறிப்பார்களாம். "டெங்ஙார் தாக்?" என்று கேட்போம், அவர்கள் "டெங்ஙார்" என்றால் டிக் போடுவோம் என்றார். எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. மலாயில் காதில் விழுவதற்கும் அந்தச் சொல்தான், சொன்ன பேச்சைக் கேட்டு நடப்பதற்கும் அந்தச் சொல்தான். நம் தமிழில் மட்டும் என்ன வாழ்கிறது? "கேப்பாளா?" என்றால் "நல்லா கேப்பா, சொன்ன பேச்சு தட்டமாட்டா" என்றுதானே நாமும் சொல்லுவோம்?

அந்தப் பதினெட்டு மாத ஊசிக்கு அவளை மோட்டாரில் தூக்கிக்கொண்டு போனது நீங்கள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அங்கே நாலு பேர் முன்னால், என் மகள் சொன்னபடி கேட்கிற பிள்ளை என்று பெருமையடித்திருப்பீர்கள். மிஸி டிக் போட்டுவிட்டாள். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் பதினெட்டு மாதத்தில் தெரிந்திருக்கும். உங்கள் ஒரு வாய்ச் சொல்லால் பிள்ளைக்கு ஒன்றரை வருடம் போய்விட்டது. இப்போது ஆறு மாதம் பொறுக்கச் சொல்கிறீர்கள்.

போன வருடம், பிள்ளைக்கு இன்னும் பேச்சு வரவில்லையே என்று எனக்குச் சந்தேகம் வந்தபோது, "ஒனக்குத்தான் மண்டையில கோளாறு" என்று சொல்லிவிட்டுத்தான் பெட்டியைக் கட்டினீர்கள். அதை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். உங்களை மன்னிக்க எனக்கு இப்போது மனசு இல்லை.

பத்திரத்தை அனுப்புங்கள்.

வாசுகி


பாசிர் கூடாங்.
5.4.2025

வாசுகிக்கு,

நோன்புப் பெருநாளுக்கு வெல்டிங் பட்டறையில் நான்கு நாள் லீவு விட்டார்கள். பஸ் ஏறிக் குருணுக்குப் போனேன், அண்ணனைப் பார்க்க. பஸ் சுங்கை பட்டாணியில் பத்து நிமிடம் நின்றது. நான் இறங்கவில்லை. எந்த முகத்தோடு இறங்குவது?

அண்ணன் வீட்டுக்குப் பின்னால் புல் வெட்டிக்கொண்டிருந்தான். சத்தம் காட்டாமல் போய் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று கை தட்டினேன். பிறகு "அண்ணே" என்று கத்தினேன். நாற்பத்து நான்கு வயது மனிதன், புல்லை வெட்டிக்கொண்டே இருந்தான். உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டு, பின்னால் நின்று காலால் பலகையை ஓங்கி மிதித்தேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தான். கவி வாசலுக்கு ஓடி வந்து சிரிப்பாளே, அதே சிரிப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது, வாசுகி. அவனுக்கு ஒன்றும் புரியாமல் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தான்.

உனக்குச் சொல்லாத ஒன்று உண்டு. அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெஸர், பினாங்கில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே பள்ளி இருக்கிறது, சேர்க்கைப் பாரம் நானே எழுதித் தருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா, "ஊரு சிரிக்கும்யா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பள்ளிக்குப் போகாமலும் ஊர் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. அவனை நாங்கள் எல்லாரும் கையை ஆட்டித்தான் கூப்பிடுவோம். அன்றைக்கு அவனுடைய அடையாள அட்டையை எடுத்து, அதில் இருக்கிற எழுத்தைத் தொட்டு, அவன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். சும்மா பார்த்தான். இருளப்பன் என்பது தன் பெயர் என்று அவனுக்குத் தெரியாது.

இதோடு பிறப்புப் பத்திரத்தை வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடவேண்டிய இடம் இருந்தால் பாரத்தையும் அனுப்பு, போட்டுத் தருகிறேன்.

கிளினிக்கில் சொன்ன சொல் என் தப்பாகவே இருக்கட்டும். இனி அதைப் பேசி நேரம் போக்கவேண்டாம். ஆகவேண்டிய வேலையைப் பார்.

குணாளன்


பாக்கார் ஆராங்.
20.4.2025

கவி அப்பாவுக்கு,

பத்திரம் கிடைத்தது. மூன்று இடத்தில் வேலை முடிந்தது. ஒரு வியாழக்கிழமை லீவு போட்டு கிளினிக்கில் டாக்டர் கையெழுத்து வாங்கி, மத்தியானம் சமூகநல இலாகாவுக்குப் போனால், கவியின் படத்துக்குப் பதிலாக என் படத்தைப் பாரத்தில் ஒட்டிக் கொண்டுபோயிருக்கிறேன். அங்கிருந்த பெண் சிரித்துவிட்டு, "அக்கா, யாருக்குக் கார்டு, உங்களுக்கா?" என்றாள். மறுநாள் வெள்ளி, அதற்கடுத்த நாள் சனி. நம் கெடாவில் இரண்டு நாளும் இலாகா பூட்டு. ஞாயிற்றுக்கிழமை போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். ஒருவழியாகப் பதிந்துவிட்டார்கள். அட்டை வந்துகொண்டிருக்கிறது. அதுவரைக்கும் சும்மா இருக்கவேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் இரவல் மெஷின் ஒரு ஜோடி தர ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். காதின் அளவுக்கு அச்சு எடுத்தாகிவிட்டது. அச்சு எடுக்கிற பசையைக் கவி தின்னப் பார்த்தாள்.

பி.டி.கே. மையத்திலும் இடம் கிடைத்தது. அங்கே ஃபெலிசியா என்று ஒரு டீச்சர், நம் தமிழ்ப் பெண்தான். ஞாயிறு முதல் வியாழன் வரை காலையில் பயிற்சி. நான் வேலைக்குப் போய்விடுவதால் பிரேமாவதி அக்கா கொண்டுபோய் விடுகிறார்.

இனி எழுதவேண்டியதை மூன்று நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

மையத்தில் சேர்க்க கிளினிக் புத்தகத்தின் எல்லாப் பக்கத்தையும் நகல் கேட்டார்கள். கடையில் நகல் எடுக்கும்போதுதான் அந்தப் பக்கத்தை முழுதாகப் படித்தேன். 11.9.2023 அன்று, காய்ச்சல், ஊசி போடவில்லை, மறுபடி வரவும் என்று எழுதியிருக்கிறது. நீங்கள் போனது அன்றைக்கு. 25.9.2023 அன்று ஊசி. அதே கையெழுத்தில், அதே மையில், காது கேட்கிறது என்ற டிக்கும் அன்றைக்குத்தான். பக்கத்தில் சின்ன எழுத்தில், அம்மாவுடன் வந்தாள் என்று இருக்கிறது.

நகல் கடைக்காரர் "இன்னும் எத்தனை காப்பி?" என்று கேட்டுக்கொண்டே நின்றார்.

அந்த வாரம் எனக்கு இரவு ஷிஃப்ட். கூலிமிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, முகம்கூடக் கழுவாமல் அவளைத் தூக்கிக்கொண்டு போனேன். நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன் போலிருக்கிறது, மிஸி தோளைத் தட்டி எழுப்பியது மட்டும் நினைவு வருகிறது. என்ன கேட்டாள், என்ன சொன்னேன், ஒன்றும் நினைவில்லை. பக்கத்தில் யாரோ ஒரு பையன் கத்திக்கொண்டிருந்தான். கவி என் மடியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். நான்தான் சொல்லியிருக்கிறேன். டெங்ஙார், மிஸி, நல்ல பிள்ளை என்று நான்தான் சொல்லியிருக்கிறேன்.

உங்களை எப்படியெல்லாம் எழுதினேன். நீங்கள், "என் தப்பாகவே இருக்கட்டும்" என்று எழுதியிருந்தீர்கள். "நான் சொன்னேன்" என்று எழுதவில்லை. அன்று ஊசி போடாமல் திரும்பி வந்தது உங்களுக்கு நினைவிருந்ததா? இருந்தும் ஏன் சொல்லவில்லை? உண்மையைச் சொல்லுங்கள்.

வாசுகி


பாசிர் கூடாங்.
28.4.2025

வாசுகிக்கு,

நினைவிருந்தது. காய்ச்சல் என்று திருப்பி அனுப்பிய கோபத்தில் அந்த மிஸியை வழிநெடுகத் திட்டிக்கொண்டே வந்தேன், எப்படி மறக்கும்? என் மேல் பழி போட்டு நீ எழுதிய கடிதத்தைப் படித்த அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். "ஊசி போட்ட அன்றைக்குப் போனது நீ" என்று முதல் வரியும் எழுதிவிட்டேன். எழுதினால் ஜெயித்துவிடுவேன். ஜெயித்து என்ன செய்ய? கிழித்துப் போட்டேன்.

ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்த உன்னைக் கிளினிக்குக்கு அனுப்பியது யார்? இரண்டாவது தடவை லீவு கேட்டால் மேலாளர் முறைப்பான் என்று நான் வேலைக்குப் போய்விட்டேன். நீ தூக்கத்தில் ஒரு தடவை சொன்னாய், கேட்கிறது என்று. நான் நன்றாக விழித்துக்கொண்டே ஒன்றரை வருடம் சொன்னேன். சந்தேகப்பட்ட உன்னைக் கிறுக்கு என்றேன். எந்தத் தப்பு பெரிசு என்று நீயே பார்த்துக்கொள்.

அதைப் போட்டு மனசைக் குழப்பிக்கொள்ளாதே. வேலைக்குப் போகிறவள், சாப்பிடு.

மெஷின் போடுகிற அன்றைக்கு நான் வரலாமா என்று கேட்க நினைத்தேன். கேட்கிற தகுதி எனக்கு இருக்கிறதாகத் தெரியவில்லை, அதனால் கேட்கவில்லை. எப்படி இருந்தாள் என்று மட்டும் ஒரு வரி எழுதிப் போடு.

குணாளன்


பாக்கார் ஆராங்.
22.6.2025

கவி அப்பாவுக்கு,

மெஷின் போட்டுப் பத்து நாள் ஆகிறது. ஒரு வரி போதும் என்றீர்கள். எனக்கு ஒரு வரியில் எழுத வராது என்று உங்களுக்குத் தெரியும்.

அன்றைக்கு நீங்கள் வந்திருக்கலாம். வரச்சொல்லி எழுத உட்கார்ந்தேன், வீம்பு விடவில்லை. என் தப்பு தெரிந்த பிறகும் எனக்கு வீம்பு குறையவில்லை பாருங்கள். வருத்தமாக இருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

மெஷினை மாட்டி, முடுக்கிவிட்டு, "நீங்க பேசுங்க, பேர் சொல்லிக் கூப்பிடுங்க" என்றாள் அந்தச் சோதிக்கிற பெண். "கவி" என்றேன். பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பாள், கட்டிப்பிடிப்பாள் என்று நான் என்னென்னவோ கற்பனை செய்து வைத்திருந்தேன். ஓவென்று அழுதாள். என் குரலைக் கேட்டுப் பயந்து அழுதாள்! சமாதானம் செய்ய நான் பேசப் பேச இன்னும் அழுதாள். அந்தப் பெண், "அக்கா, கொஞ்சம் மெதுவா" என்றாள். "இதுக்கு மேல மெதுவா எனக்கு வராதும்மா" என்றேன்.

முதல் இரண்டு நாள் மெஷினைக் கழற்றி எறிந்தாள். ஒருமுறை பிரேமாவதி அக்கா வீட்டு மீன்தொட்டிக்குள் போட்டுவிட்டாள். நல்ல வேளை, உடனே எடுத்துத் துடைத்துக் காயவைத்ததில் பிழைத்துக்கொண்டது. இப்போது காலையில் அவளே பெட்டியை எடுத்துவந்து காதைக் காட்டுகிறாள். குழாயைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்க்கிறாள். தண்ணீருக்குச் சத்தம் உண்டென்று அவளுக்கு இப்போதுதான் தெரியும். நேற்று முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டேன். திரும்பினாள். பேச்சு வர இன்னும் நாளாகும், ஒரு வருடம், இரண்டு வருடம்கூட ஆகலாம் என்று ஃபெலிசியா டீச்சர் சொன்னார். அவசரம் இல்லை. கூப்பிட்டால் திரும்புகிறாள், தன் பேர் கவி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இதை உங்கள் அண்ணனுக்கு எப்படிச் சொல்வீர்களோ, சொல்லிவிடுங்கள்.

டீச்சர் இன்னொன்றும் கேட்டார். வீட்டில் யார் யார் பேசுவீர்கள் என்று. நான் மட்டும்தான் என்றேன். ஒரே குரல் போதாது, பல பேர் பேசுவதை அவள் கேட்கவேண்டும் என்றார். வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் இருக்கிற உங்கள் படத்தைப் பார்த்தேன். உங்கள் மோட்டாரின் அதிர்வு அவளுக்குத் தெரியும், உங்கள் முகம் தெரியும். குரல் தெரியாது.

கூலிமில் நான் வேலை பார்க்கிற இடத்துக்குப் பக்கத்துக் கம்பெனியில் வெல்டர் கேட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். விசாரித்துவிட்டேன், ஆள் இன்னும் கிடைக்கவில்லையாம். கிளம்பி வந்துவிடுங்கள்.

நான் கத்தமாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியாது. முன்பு நாம் எவ்வளவு சண்டை போட்டாலும் அவள் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருப்பாள். இனிமேல் அவளுக்குக் கேட்கும். நாம்தான் குறைத்துக்கொள்ளவேண்டும்.

அன்புடன்,
வாசுகி